குடும்பத் தலைவர் படம் பார்க்கிறார்

சினிமாவைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் நிறைய உண்டு. கேட்கத்தான் ஆள் இல்லை.

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்தது. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் வாயில் மைக்கை நீட்டும் யூடியூப்காரர்களை வளாகத்துக்குள் விடாதீர்கள் என்றது. இந்தியன் 2, வேட்டையன், கங்குவா என்று வரிசையாகப் பெரிய படங்கள் வாங்கிய அடியில் எழுந்த கோபம் அது. அடுத்த மாதமே விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. படம் வெளியாகி முதல் மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று கேட்டார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. எங்கள் வீட்டிலோ மனுவும் வக்கீலும் இல்லாமலே கல்யாணமான நாள்முதல் அந்தத் தடை அமலில் இருக்கிறது. தியேட்டர் வாசலிலிருந்து வண்டி நிறுத்துமிடம்வரைக்கும் எனக்குக் கருத்துச் சுதந்திரம் உண்டு. வண்டியைக் கிளப்பிவிட்டால் "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்று உத்தரவு வந்துவிடும். வீட்டுக்கு வந்தபிறகு வாயைத் திறந்தால், மறுநாள் காலை யார் பால் வாங்கப் போவது என்ற விவாதத்தில் என் விமர்சனம் கரைந்துபோகும்.

ஆகவேதான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் பாதியில் எழுந்து போகலாம், ஆனால் அது எனக்குத் தெரியாது.

முன்கூட்டியே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். என் பார்வையில் ஒரு கோளாறு வந்திருக்கிறது. கண் டாக்டர் பார்த்துவிட்டுப் பவர் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். ஒரு காலத்தில் திரையில் எனக்குக் கதாநாயகன் மட்டும்தான் தெரிவான். 1991 தீபாவளிக்குத் தளபதி பார்த்தபோது, சூர்யா எங்கே சாப்பிடுகிறான், வாடகை கொடுக்கிறானா, அவன் சட்டையை யார் துவைத்துப் போடுகிறார்கள் என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வந்தபிறகு நாயகன் மங்கலாகிவிட்டான். அவனுடைய வரவு செலவுக் கணக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

கூலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2025 ஆகஸ்ட் 14. ரஜினி படத்துக்குக் குடும்பத்தோடு போவது எங்கள் வீட்டில் குலதெய்வம் கோயிலுக்குப் போவதற்கு அடுத்த படி. இந்த முறை தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழ் கொடுத்துவிட்டது. யு/ஏ வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம்வரை போயும் கிடைக்கவில்லை. பத்தாவது படிக்கும் மகனும் ஏழாவது படிக்கும் மகளும் பதினெட்டு வயதாகாத குற்றத்துக்காகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று மனைவியும் நின்றுகொண்டாள். தகுதி பெற்றவர்கள் இரண்டே பேர்: நானும் எழுபத்தாறு வயது அம்மாவும்.

ரஜினி திரையில் வந்து நிற்கிறார். அரங்கமே எழுந்து விசிலடிக்கிறது. எனக்கும் இரண்டு விரல் வாய்வரைக்கும் போயிற்று. பக்கத்து இருக்கையில் அம்மா. விரலை மடக்கி மீசையை ஒதுக்கிக்கொண்டேன். ஒரு சண்டை முடிந்ததும் அம்மா என் காதில், "என்னைவிட இவருக்கு ரெண்டு வயசுதான் கம்மி. முட்டி வலிக்காதாடா?" என்றாள். அதன்பிறகு வந்த ஒவ்வொரு சண்டையிலும் நான் ரஜினியின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்யராஜ் ஒரு நாற்காலி கண்டுபிடித்திருக்கிறார். பிணத்தை அதில் உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கினால் கண நேரத்தில் சாம்பல். அரங்கம் அதிர்ச்சியில் உறைந்தது. நான் யூனிட் கணக்கில் உறைந்தேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு. ஏசி அரை மணி நேரம் கூடுதலாக ஓடியதற்கு வீட்டில் விசாரணைக் கமிஷன் வைக்கிறவன் நான். ஒரு ஆளுக்கு எத்தனை யூனிட் இழுக்கும், வீட்டு இணைப்பா வணிக இணைப்பா, மும்முனை மின்சாரமாவது வாங்கியிருக்கிறார்களா? மெஷின் ஓடுவது விசாகப்பட்டினம் துறைமுகத்தில் என்று தெரிந்தபிறகுதான் நிம்மதியாயிற்று. ஆந்திரா மின்வாரியம் பார்த்துக்கொள்ளட்டும்.

படம் எப்படி என்று கேட்டால், சௌபின் சாகிர் வருகிற இடமெல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாம் பாதியில் உபேந்திரா வந்தார், ஆமிர் கான் வந்தார். இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் எங்கள் ஊர் கேபிள்காரரும் வந்திருப்பார்.

கங்குவாவுக்கும் அம்மாவைத்தான் கூட்டிப்போனேன். படம் ஆரம்பித்த சற்று நேரத்திலேயே அம்மா காது மெஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இப்பத்தான்டா தெளிவா கேக்குது" என்றாள். சத்தம் அதிகம் என்று ஊரே சொன்னபிறகு தயாரிப்பாளரே தியேட்டர்களில் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். எங்களுக்கு அந்த இரண்டு புள்ளி கிடைக்கவில்லை, முதல் நாளே போய்விட்டோம். முதல் நாள் போகிறவன் சத்தத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறான்.

பணம் என்றதும் பாப்கார்ன் ஞாபகம் வருகிறது. டிக்கெட்டுக்காவது தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பாப்கார்னுக்கு ஆகாயம்தான் வரம்பு. 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பாப்கார்னை மூன்று சாதியாகப் பிரித்தது. உப்புப் போட்டு உதிரியாக விற்றால் 5 சதவீதம், பொட்டலம் கட்டிப் பெயர் ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகு ஊற்றிக் காரமெல் ஆக்கினால் 18 என்றது. நாடே சிரித்தது. எனக்கோ அது கையில் கிடைத்த ஆயுதம். இடைவேளையில் மகள் காரமெல் வேண்டும் என்றதும், இந்தியாவின் மறைமுக வரி அமைப்பைப் பற்றி வரிசையில் நின்றபடியே விளக்க ஆரம்பித்தேன். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, "சார், பாப்பாவுக்கு நான் வாங்கித் தரட்டுமா?" என்றார். வாங்கினேன். பெரிய சைஸ்.

இந்தியன் 2 பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளியான பிறகு அவர்களே பன்னிரண்டு நிமிடத்தை வெட்டினார்கள், நான் இன்னும் தாராளமாக வெட்டியிருப்பேன். ஆனால் அதன் கரு அபாயகரமானது. ஊழலை ஒழிக்க வேண்டுமானால் முதலில் அவரவர் வீட்டைப் பாருங்கள் என்கிறார் இந்தியன் தாத்தா. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மகன் என்னை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே, "அப்பா, ஆபீஸ்ல பெட்ரோலுக்கு எவ்வளவு கேக்கறீங்க?" என்றான். இப்படிப்பட்ட படங்களுக்குத்தான் 'ஏ' கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஓடிடி வந்தபிறகு தியேட்டர் குறைந்துவிட்டது. நான்கு வாரம் பொறுத்தால் பெரும்பாலான படங்கள் நடுக்கூடத்துக்கே வந்துவிடுகின்றன. பொறுக்கலாம்தான். ஆனால் வீட்டில் படம் பார்ப்பது தனிக் கலை. மகாராஜாவை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். விஜய் சேதுபதியின் 50ஆவது படம், காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப்போட்டு நித்திலன் எழுதியது. கவனமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். எங்கள் வீட்டில் கேஸ்காரர் வந்தார், மாமியார் போன் செய்தார், நடுவில் அம்மா தூங்கி எழுந்தாள். ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி ஓடவிட்டோம். நித்திலன் ஒரு முறை கலைத்ததை நாங்கள் பலமுறை கலைத்தோம். முடிவில் எங்களுக்கு மட்டும் கதை நேர்கோட்டில் புரிந்தது.

கொட்டுக்காளி அதற்கு நேர் எதிர். வினோத்ராஜ் எடுத்த இந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஒரு ஆட்டோ, அதற்குள் குடும்பம், கட்டிவைத்த சேவல், தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்ட சூரி, ஏறக்குறைய வாயே திறக்காத அன்னா பென். வேறொருவனைக் காதலிக்கிற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள், அவ்வளவுதான் கதை. பெர்லின் திரைப்பட விழாவில் அந்த அமைதியோடு பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் சரியான நேரத்தில் குக்கர் விசிலடித்தது. கிரைண்டர் ஓடியது. எதிர் வீட்டில் டிரில்லிங் மெஷின் போட்டார்கள். பின்னணி இசை பிரமாதமாக அமைந்துவிட்டது. நான் மட்டும் அறிவாளி முகத்தோடு, "அந்த மௌனத்தைக் கவனி" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். படம் ஒரு முடிவும் சொல்லாமல் சட்டென்று நின்றது. "கரன்ட் போயிடுச்சா?" என்றாள் அம்மா. இது திறந்த முடிவு, பார்வையாளர்தான் யோசிக்க வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணு எதுக்குப் பேசணும்? பேசினா யாரு கேக்கப்போறா?" இந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை. என் விளக்கத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். தேங்காய்ச் சட்னி நன்றாக இருந்தது.

லப்பர் பந்து வீட்டில் ஏகமனதாகத் தேர்வான படம். ஏகமனதாக என்றால், காரணங்கள் வேறு வேறு. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். நாற்பதைத் தாண்டிய கெத்து, வேலை வெட்டியைப் போட்டுவிட்டு ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடப் போகிறான். அவன் மட்டையோடு இறங்கும்போது பொன்மனச் செல்வன் படத்து விஜயகாந்த் பாட்டு ஒலிக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தெரு டீமில் நானும் ஓப்பனிங் இறங்கியவன்தான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கெத்துவின் மனைவி யசோதை டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து பிட்ச்சை உழுதுவிட்டுப் போகிறாள். என் மனைவி கைதட்டினாள். சினிமாவுக்கு அவள் கைதட்டி அன்றுதான் பார்த்தேன். படம் முடிந்து வெகு நேரம் கழித்து, விளக்கை அணைக்கும்போது, "ஏங்க, ஒரு டிராக்டர் என்ன விலை இருக்கும்?" என்றாள். சும்மாதான் கேட்டாளாம்.

மெய்யழகனில் அம்மா நிபுணர். அவள் பிறந்தது நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். கதையில் அரவிந்த்சாமி நீடாமங்கலத்துக்குத்தான் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிற கார்த்தி யார் என்று அவருக்கு ஞாபகமில்லை. கேட்கவும் கூச்சம். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு ராத்திரி பேச்சு. பிரேம்குமார் முதலில் 177 நிமிடம் வைத்திருந்தார், வெளியானபிறகு பதினெட்டு நிமிடம் போல குறைத்தார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தம். உறவுக்காரர்கள் ராத்திரி உட்கார்ந்தால் விடிகிறவரை பேசத்தானே செய்வார்கள், அதை எதற்கு வெட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. என் மனைவியின் கவலை வேறு: "மாசமா இருக்கற பொண்டாட்டி வீட்ல இருக்கா. சொல்லாம கொள்ளாம ராத்திரி விருந்தாளியக் கூட்டிட்டு வர்றான். இவன் நல்லவனாம்."

எனக்குப் படம் மனதைப் பிசைந்துவிட்டது. உறவுகளின் பெயரை மறக்கும் நோய் எனக்கும் உண்டு. அடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, இனிமேல் யாரையும் தெரியாது என்று சொல்வதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன். மண்டபத்தில் ஒருவர், "சார், என்னைத் தெரியுதா?" என்று சிரித்தபடி வந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டேன். எப்படிப்பா இருக்கே, அம்மா சௌக்கியமா, ஊர்ப் பக்கம் போனியா என்று உருகினேன். அவர் போன வருடம் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்குச் சமைத்த மாஸ்டர். பாக்கி மூவாயிரத்தை ஞாபகப்படுத்த வந்திருக்கிறார். அத்தனை அன்பைக் காட்டியபிறகு பேரம் பேச முடியுமா?

2025 ஜூலை 4 என்னைப்போன்ற குடும்பஸ்தர்களுக்குச் சோதனை நாள். 3 பிஎச்கே, பறந்து போ இரண்டும் ஒரே நாளில் வெளியாயின. முதல் படத்து அப்பா சொந்த வீட்டுக்காக ஓடுகிறார். இரண்டாவது படத்து அப்பா வீட்டை விட்டே ஓடுகிறார்.

3 பிஎச்கே, அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதையை வைத்து ஸ்ரீ கணேஷ் எடுத்தது. சரத்குமாரும் தேவயானியும் கணவன் மனைவி. இதே ஜோடிதான் 1997இல் சூர்யவம்சத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் பஸ் முதலாளி ஆனார்கள், தேவயானி கலெக்டரே ஆனார். அந்தப் பாட்டை நம்பித்தான் நான் சொந்தத் தொழில் பற்றி யோசித்தேன். இங்கே அவர்களுக்குப் படத்தின் பெரும்பகுதி ஓடியும் மூன்று படுக்கையறை வீடு அமையமாட்டேன் என்கிறது. பணம் சேரும்போது மருத்துவச் செலவு வருகிறது, மகன் படிப்பு வருகிறது, மகள் கல்யாணம் வருகிறது. திரும்பிப் பார்த்தால் வீட்டு விலை மாடி ஏறியிருக்கிறது. தியேட்டரில் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். நான் செல்போனைத் தொடைக்கு நடுவில் ஒளித்து, அந்தத் தொகைக்கு இருபது வருட இஎம்ஐ எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று பின்வரிசைக்காரர் திட்டினார். பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "சார், எட்டரை பர்சன்ட் போட்டுப் பாருங்க" என்றார். சொந்தங்கள் இப்படித்தான் அமைகின்றன.

பறந்து போவில் மிர்ச்சி சிவாதான் அப்பா. இயக்குநர் ராம் படத்தில் மனம்விட்டுச் சிரிப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவருடைய முந்தைய படங்களுக்கு வீட்டில் தடை உண்டு. மகனை ஏற்றிக்கொண்டு பைக்கில் கிளம்புகிறார், கடன் வசூலிக்கிறவர் பின்னாலேயே துரத்துகிறார். பையன் கண்ட இடத்தில் இறங்குகிறான், கண்டதில் ஏறுகிறான். என் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். நானோ ஆரம்பம் முதல் கடைசிவரை அந்த வசூல்காரர் பக்கம்தான். நான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர். பராமரிப்புத் தொகைக்காகக் கதவைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்தவனுக்குத்தான் அவருடைய வலி புரியும். படம் முடிந்ததும் மகன், "நாமளும் பைக்ல கிளம்பலாமா அப்பா?" என்றான். கிளம்பலாம், வண்டியை சர்வீஸுக்கு விட வேண்டும் என்றேன். இன்னும் விடவில்லை.

டூரிஸ்ட் ஃபேமிலியாலும் எனக்கு இந்தப் பதவி காரணமாகச் சங்கடம். இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி ஒரு குடும்பம் படகில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் கேசவ நகர் என்ற காலனியில் குடியேறுகிறது. சசிகுமார், சிம்ரன், இரண்டு பையன்கள். வாயைத் திறந்து பேசினால் இலங்கைத் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவர்களோ தெரு முழுக்கச் சிநேகிதமாகிவிடுகிறார்கள். அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் என்று நம்ப முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டையை அடைக்க வைக்கிறார். மறுநாள் நானும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, சும்மா நலம் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அந்த மெயின்டனன்ஸ் பணத்த எடுத்துட்டு வா" என்றார். நலம் விசாரித்தது வீண் போகவில்லை, மூன்று மாத பாக்கி வசூலாயிற்று.

எனக்கு முதலிடம் குடும்பஸ்தனுக்குத்தான். 2025 ஜனவரியில் வந்தது, கோயம்புத்தூர்க் கதை. நக்கலைட்ஸ் குழுவிலிருந்து வந்த ராஜேஷ்வர் காளிசாமி இயக்கியது. மணிகண்டனுக்கு வேலை போகிறது. வீட்டில் சொல்ல முடியவில்லை. தினமும் வேலைக்குப் போவதாகக் கிளம்பி, கடனை அடைக்கக் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். இதில் கதாநாயகன் வேறு, வரவு செலவு வேறு என்று பிரிக்கவே முடியாது. என் கண் கோளாறுக்கென்றே எடுத்த படம். வில்லன் என்று தனியாக ஒருவர் இல்லை. அக்கா வீட்டுக்காரராகக் குரு சோமசுந்தரம் வந்து சோபாவில் உட்கார்ந்து, மைத்துனன் எதற்கும் லாயக்கில்லை என்பதைப் புன்னகையோடு நிரூபித்துக்கொண்டிருக்கிறார். தமிழ் சினிமாவில் எத்தனையோ வில்லன்களைப் பார்த்தாயிற்று. இத்தனை அசலான ஒருவரை நான் திரையில் பார்த்ததில்லை, திரைக்கு வெளியே பார்த்திருக்கிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கும்போதுதான் அதை டிவியில் போட்டேன். குரு சோமசுந்தரம் ஒவ்வொரு முறை வாய் திறந்தபோதும் அக்கா வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மாப்ள, படத்துல அந்த மாமன்தான்யா ஹீரோ. எவ்வளவு பொறுப்பா புத்தி சொல்றான்! அது சரி, உங்க ஃப்ளாட்டு இப்ப என்ன விலைக்குப் போவும்?" என்றார்.

நீங்கள் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லையென்றால் அவசியம் பாருங்கள். அக்கா வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் பாருங்கள்.